ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புகள இழுத்துப் பிடிக்கிற லிகமென்ட்) சர்ஜரி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, வலியே இல்ல, ஓட ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஆனா மூணு மாசம் ஆச்சுங்கறதுக்காக மட்டும் வேணாம். நெறைய டாக்டருங்க 12 வாரத்த ஒட்டி மெதுவா ஜாகிங் போக விடுவாங்க, நெட்ல தேடுனாலும் அந்த நம்பர்தான் வரும், ஆனா அது அதுக்கு முன்னாடி ஓடாதீங்கன்னு சொல்ற கணக்குதான், அன்னிக்கே எல்லாரும் ஷூவ மாட்டிட்டு கிளம்பணும்னு இல்ல. மெனிஸ்கஸையும் (முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) சேத்து தச்சிருந்தா இன்னும் தள்ளிப் போகலாம், அத சர்ஜன்கிட்டயே கேட்டுடுங்க.

வலி இல்லங்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க ப்ளீஸ். கிழிஞ்ச ஏசிஎல்லுக்குப் பதிலா உள்ள வச்சிருக்கிற கிராஃப்ட் பெரும்பாலும் உங்க தொடைக்குப் பின்னாடி இருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழ இருந்தோ எடுத்த நார், அதுக்குப் புது ரத்தக்குழாய் வந்து லிகமென்ட் மாதிரி மாற ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகும், ஆரம்ப மாசங்கள்ல பலம் கம்மியாதான் இருக்கும், வலி மட்டும் சீக்கிரமே போயிடும்.

எனக்கு டர்ஃப்ல ஃபுட்பால் ஆடும்போது கிழிஞ்சுது. என் ஃபிசியோ கடைசி வரைக்கும் தேதியே சொல்லல. முட்டி முழுசா நீட்ட வருதா, வீக்கம் வத்திடுச்சா, ஆபரேஷன் பண்ண கால்ல தொடை பலம் நல்ல கால்ல இருக்கிறதுல 70 சதவீதமாவது வந்துடுச்சா, ஒத்தக்கால் ஸ்குவாட்ல முட்டி உள்பக்கம் சாயுதா, இதத்தான் திரும்பத் திரும்பப் பாப்பார். மாடிப்படி எறங்கும்போது லேசா நொண்டுனா கூட "சைக்கிள் மிதிங்க தம்பி"ன்னுடுவார்.

ஓடவிட்டப்பவும் ட்ரெட்மில்ல 1 நிமிஷம் ஓட்டம் 2 நிமிஷம் நடை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போது சும்மா பறக்கற மாதிரிதான் இருக்கும், மறுநாள் காலைல முட்டி வீங்கியிருக்கா, மடக்குனா பிடிக்குதான்னு பாருங்க, இருந்தா ரெண்டு நாள் லீவு போட்டுட்டு பழைய அளவுக்கு எறங்கிடணும். (பீச் மணல் மெத்துன்னு இருக்கும், முட்டிக்கு நல்லதுன்னு யாராவது ஒரு மாமா சொல்வார், கால் பொதஞ்சு திரும்பும், ஆரம்பத்துல அந்தப் பக்கமே போகாதீங்க.)

நேரா ஓடறது வேற, கேம் ஆடறது வேற. டக்குன்னு நிக்கறதும் திரும்பறதும்தான் ஏசிஎல்ல பதம் பாக்கும். 2016ல நார்வே, அமெரிக்காக்காரங்க சேந்து போட்ட ஆய்வுல, 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி அடிபடறது பாதியா கொறையுதுன்னு வந்துச்சு. பிரேசில் ஃபுட்பால் ஆட்டக்காரர் நெய்மருக்கு 2023 அக்டோபர்ல ஏசிஎல் போச்சு, திரும்ப மேட்ச் ஆடுனது 2024 அக்டோபர், அவ்ளோ பெரிய டீம் கூடவே இருந்து பாத்துக்கிட்டும் ஒரு வருஷம்!

அடுத்த தடவ ஃபிசியோகிட்ட போனா ஓடலாமான்னு கேக்காம, ரெண்டு கால்லயும் தொடை பலத்த அளந்து, நல்ல கால்ல இருக்கிறதுல எத்தன சதவீதம் இருக்குன்னு கேளுங்க, அளக்க மெஷின் இல்லன்னா லெக் பிரஸ்லயாவது ஒத்தக்கால் ஒத்தக்காலா போட்டுப் பாக்கச் சொல்லுங்க.