குடகில் உரிமம் இல்லாமலே பரம்பரைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்களே, அதை வைத்து வேட்டைக்கும் போகலாமா?

போகக் கூடாது. உரிமத்திலிருந்து விலக்கு உண்டு, வேட்டைக்கு இல்லை.

குடகின் பூர்வீகச் சமூகத்தினரான கொடவர்களுக்கும், படைச் சேவைக்காகக் கொடுக்கப்பட்ட ஜம்மா நிலத்தை வழிவழியாக வைத்திருப்பவர்களுக்கும் இந்த விலக்கு பிரிட்டிஷ் காலத்திலிருந்தே இருக்கிறது. 2019இல் மத்திய அரசு இதை 2029 வரை நீட்டித்தது. அதற்காக யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விலக்குச் சான்றிதழ் கட்டாயம்.

ஒரு காலத்தில் வேட்டை கொடவர்கள் வாழ்க்கையோடு ஒட்டியிருந்தது உண்மைதான். புலியைச் சுட்டவரை அதன் உடலருகே மாப்பிள்ளை போல உட்காரவைத்து ஊரே வாழ்த்தும். காட்டுப்பன்றிக் கறியைப் பங்கு போடுவதற்கும் முறை இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதெல்லாம் போயிற்று. இன்று கச்சம்புளி என்னும் புளிப்புச் சாறு ஊற்றிச் சமைக்கும் பன்றிக்கறி பண்ணையிலிருந்து வருகிறது.

அப்புறம் துப்பாக்கி எதற்கு? செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போது பண்டிகையில் அதைத் துடைத்து, பூ வைத்து வணங்குவார்கள். உயரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டியும் நடக்கும், பெண்களும் சுடுவார்கள். வீட்டில் யாராவது இறந்தால் வானத்தை நோக்கிச் சுட்டு ஊருக்குத் தெரிவிப்பது வழக்கம். வேட்டை நின்றும் மரபு நிற்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்தத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய் மானைச் சுட்டால் மட்டும், கொடவராக இருந்தாலும் வழக்குதான்.