கடைசி பெஞ்சும் பேசட்டும்: வாசகர் கேள்வி பதில்

வகுப்பறையில் தொழில்நுட்பம் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஆசிரியர்கள், பெற்றோர், ஒரு பத்தாம் வகுப்பு மாணவர் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது, டீச்சர். முதல் மாதம் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். இப்போது என்ன வீடியோ போட்டாலும் கொட்டாவிதான். எங்கே தவறு செய்கிறேன்? (ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்)

உங்கள் மேல் தவறு இல்லை, சார். புதிதாக எது வந்தாலும் ஒரு மாதம் பார்ப்பார்கள், அப்புறம் அது சுவரோடு சுவராகிவிடும். கரும்பலகை செய்த வேலையைத்தானே இதுவும் செய்கிறது? நீங்கள் காட்டுகிறீர்கள், அவர்கள் பார்க்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். அவர்கள் மனசில் இருப்பதை அந்தப் பலகை உங்களுக்குக் காட்டட்டும்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, பின்னக் கணக்கு. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டினால் எவ்வளவு என்று திரையில் போட்டு, நான்கு விடை கொடுத்து, யாரோடும் பேசாமல் தனித்தனியாகப் பதில் அனுப்பச் சொன்னேன். யார் எதைச் சொன்னார்கள் என்பது திரையில் வராது, எந்த விடைக்கு எத்தனை பேர் என்று மட்டும் வரும். பாதி வகுப்புக்கு மேல் 2/5 என்று போட்டிருந்தது. மேலே இருப்பதையும் கூட்டி, கீழே இருப்பதையும் கூட்டிவிட்டார்கள். முந்தின நாள்தான் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டேன், ‘புரிஞ்சுது டீச்சர்’ என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சரியான விடை எது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் வேறு விடை போட்டிருந்தால் அவரை இரண்டு நிமிஷத்தில் ஒத்துக்கொள்ள வையுங்கள் என்றேன். மூன்றாவது வரிசையில் ஒருத்தி தன் ஸ்கேலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். “இது 30. பாதின்னா 15. மூணுல ஒண்ணுன்னா 10. உன் 2/5 இதுல எவ்வளவு? 12. பதினஞ்சோட பத்தைச் சேர்த்தா எப்படிடி பன்னெண்டாகும்?” தோழி ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப 25. முப்பதுல 25” என்றாள். திரும்பவும் அதே கேள்விக்குப் பதில் அனுப்பச் சொன்னபோது 5/6-க்கு நேரே இருந்த பட்டை உயர்ந்து நின்றது. அந்த ஸ்கேல் விளக்கம் எனக்கு அதுவரை தோன்றியதில்லை, அன்றிலிருந்து பின்னப் பாடத்தை ஸ்கேலோடுதான் தொடங்குகிறேன்.

இந்த முறை நான் கண்டுபிடித்தது இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991-இல் இப்படி நடத்த ஆரம்பித்தார். கடினமான கணக்கையெல்லாம் போட்டுவிடும் மாணவர்கள் அதே பாடத்தின் அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்துத்தான் அவர் மாறினார். தனியாக யோசி, பதில் அனுப்பு, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, மறுபடி அனுப்பு. அவ்வளவுதான். ‘தெரிந்த பிள்ளை சொல்வதைத் தெரியாத பிள்ளை அப்படியே போட்டுவிடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதையேதான் சோதித்துப் பார்த்தது. முதலில் யாருக்குமே விடை தெரியாத குழுக்களில்கூட, பேசிய பிறகு புரிதல் கூடியிருந்தது.

உங்கள் பாடத்துக்கு ஒரு கேள்வி தருகிறேன்: நேர் மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? சுழியம் என்று தவறாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், போட்டுப் பாருங்கள். வகுப்பில் சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பேச விடுங்கள். அதற்கும் கீழே என்றால் பாடத்தையே இன்னொரு தடவை நடத்த வேண்டும். அதற்கு மேலே என்றால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். தவறான விடைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் உழைப்பு இருக்கிறது. பிள்ளைகள் நிஜமாகவே செய்யும் தவறுகளாக அவை இருக்க வேண்டும், அதற்குப் பழைய விடைத்தாள்களைப் புரட்டினாலே போதும்.

கேள்வி: இதெல்லாம் ஆளுக்கொரு லேப்டாப் இருக்கும் பள்ளிக்குத்தானே? என் வகுப்பில் இருப்பது என் போன் ஒன்றுதான்.

ஒரு போன் போதும். பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை, அதில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஒரு குறி. அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுதான் பதில். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். அட்டையில் எழுத்து பொடியாக இருக்கும், குறியும் ஆளுக்கு ஆள் வேறு, அதனால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் போடுவது கஷ்டம்.

அதுவும் முடியாவிட்டால் அ, ஆ, இ, ஈ என்று நான்கு அட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, சொன்னதும் ஒரே நேரத்தில் தூக்கச் சொல்லுங்கள். நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. பொத்தானை அமுக்கிப் பதில் அனுப்பும் மின்னணு கிளிக்கரையும் வெறும் அட்டையையும் ஒரு கல்லூரி இயற்பியல் வகுப்பில் ஒப்பிட்டுப் பார்த்து 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. மாணவர்கள் கற்றதில் வித்தியாசம் இல்லை. கருவியால் உங்களுக்கு எண்ணிக்கை உடனே கிடைக்கும், பதிவும் இருக்கும், அந்த வசதி பெரிய வசதிதான். ஆனால் பிள்ளைக்கு வேலை செய்வது அந்தக் கேள்வியும் அதற்குப் பின்னால் வரும் பேச்சும்.

ப்ரொஜெக்டர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். நடந்துகொண்டே ஒரு பிள்ளையின் நோட்டை, அனுமதி கேட்டு, பெயர் தெரியாமல் படம் எடுத்துத் திரையில் போடுங்கள். ‘இந்த மூன்றாவது வரி வரைக்கும் அருமையாக வந்திருக்கிறது, நாலாவது வரியில் என்ன ஆயிற்று?’ என்று கேளுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்கை விட நம்மில் ஒருவர் போட்ட கணக்கைப் பிள்ளைகள் உற்றுப் பார்ப்பார்கள்.

கேள்வி: கஹூட் வினாடி வினா நடத்தினால் வகுப்பே அதிர்கிறது. ஆனால் ஜெயிப்பது எப்போதும் அதே மூன்று பேர். மற்றவர்கள் கண்டபடி அமுக்குகிறார்கள்.

வேகத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். மெதுவாக யோசிக்கிற பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே ‘நமக்கு இது இல்லை’ என்று முடிவு கட்டிவிடும். அப்புறம் அமுக்குவது விரல் மட்டும்தான். அமைப்பில் நேரத்தைக் கூட்டிக் கொள்ளுங்கள், அல்லது இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு பதில் சொல்லும் குழு ஆட்டமாக வையுங்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காமல் இருப்பது குறைந்தது, மந்தம் என்று நினைத்திருந்த பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். மூன்றே நொடி! வேகப் போட்டி அந்த மூன்று நொடியையும் பிடுங்கிக்கொள்கிறது.

அதற்காக வினாடி வினாவை விட்டுவிடாதீர்கள். படித்ததைத் திரும்பப் படிப்பதை விட, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் மனசில் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் காட்டினார்கள். அதனால் போன வாரப் பாடத்திலிருந்து ஐந்து கேள்வி, மதிப்பெண் கிடையாது, அவசரம் கிடையாது என்று வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் வெற்றி பெற்றவர் பட்டியலோடு நிறுத்தாமல், எந்தக் கேள்வியில் வகுப்பு அதிகம் சறுக்கியதோ அதைத் திரும்பத் திரையில் கொண்டுவந்து பத்து நிமிஷம் அதிலேயே உட்காருங்கள்.

கேள்வி: என் மகள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். இந்த வருஷம் டீச்சர் ஒரு இணையச் சுவர் வைத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்கிறாராம். நிறைய எழுதுகிறாள் என்கிறார். இப்படியே பழகினால் பேசவே மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

பயப்படாதீர்கள் அம்மா. அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்பது இப்போதுதான் வெளியே தெரிந்திருக்கிறது, அதுவே நல்ல செய்தி.

இப்படி ஒரு மாணவி எனக்கும் இருந்தாள். கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், கழுத்தெல்லாம் சிவந்துவிடும், நானே உட்காரச் சொல்லிவிடுவேன். ஒரு நாள் பேட்லெட் சுவரில், நிலவு ஏன் பகலிலும் சில நாள் தெரிகிறது என்று பெயர் இல்லாமல் ஒரு கேள்வி வந்தது. ‘இது யார் கேட்டது?’ என்று நான் கேட்கவில்லை. ‘இன்றைய பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்’ என்று மட்டும் சொன்னேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு தலை நிமிர்ந்தது. அடுத்த வாரம் அவள் பெயரோடு எழுதினாள். அப்புறம் எழுதியதைப் பக்கத்துத் தோழிக்கு வாசித்துக் காட்டினாள். வகுப்பு முன்னால் குரல் வர நாலு மாதம் ஆயிற்று, அதுவும் இரண்டே வாக்கியம்.

அந்த டீச்சரிடம் போய் ஒன்று மட்டும் கேளுங்கள்: சுவரில் எழுதியதை அடுத்த நாள் வகுப்பில் எடுத்துப் பேசுகிறாரா? அப்படிப் பேசினால் அது உங்கள் மகளுக்குப் படிக்கட்டு. எழுதியது எழுதியபடி கிடந்தால் பிள்ளை கொஞ்ச நாளில் எழுதுவதையும் நிறுத்திவிடும். பெயர் இல்லாத இடத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்வதும் நடக்கும். ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே பதிவு வெளியே தெரியும்படி அமைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைன் வகுப்பில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். தன் முகத்தையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதும், அத்தனை பேர் தன்னையே உற்றுப் பார்ப்பது போல இருப்பதும் களைப்பைக் கூட்டுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் விளக்கியிருந்தார். வீட்டுச் சூழலைக் காட்ட விரும்பாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். முகத்துக்குப் பதில் கையைக் கேளுங்கள். ஒரு கேள்வி போட்டு, எல்லோரும் சாட்டில் தட்டி வைத்துக்கொள்ளட்டும், யாரும் அனுப்பக் கூடாது. நீங்கள் ‘இப்போ’ என்றதும் எல்லாப் பதிலும் ஒரே நொடியில் கொட்டும். யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. அதிலிருந்து இரண்டு பதிலை, எழுதியவர் பெயர் சொல்லிப் படியுங்கள். சிறு அறைகளாகப் பிரித்தால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், திரும்பி வரும்போது எழுதிக் கொண்டுவர ஒரு வேலை கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: லேப்டாப்பைத் திறக்கச் சொன்னால் பாடம் ஒரு ஜன்னலில், வேறு எதுவோ நாலு ஜன்னலில்.

பாடத்தில் அதற்கு வேலை இருக்கும் பத்து நிமிஷம் திறக்கட்டும், முடிந்ததும் மூடட்டும். கனடாவில் 2013-இல் நடந்த ஆய்வு ஒன்றில், லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டும் இல்லை, அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களும் தேர்வில் பின்தங்கினார்கள். இதை மாணவர்களிடமே சொல்லுங்கள். ‘உன் படிப்பு கெடும்’ என்பதை விட ‘பின்னால் இருப்பவனுக்கும் கெடும்’ என்பது அவர்களிடம் எடுபடுகிறது.

கேள்வி: எந்த ஆப் நல்லது என்று ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். கூகுளின் ஜாம்போர்டு என்ற இணையப் பலகையை நம்பிப் பாடம் தயாரித்தவர்கள் எத்தனையோ பேர், 2024 கடைசியோடு அது மூடப்பட்டது. உங்கள் கேள்விகளை உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஆப்பிலும் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: பாடத்துக்கு ஒன்றாக ஆறு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கும் செய்தி வருகிறது, பார்க்காவிட்டால் மறுநாள் திட்டு. மாணவர்களோடு நெருக்கமாக இருக்கத்தான் இது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. (பத்தாம் வகுப்பு மாணவர்)

உனக்குத் தோன்றுவது சரிதான், தம்பி. அறிவிப்பு வேறு, நெருக்கம் வேறு. ஆறு குழுவை ஒன்றாக்கி, சாயங்காலம் இத்தனை மணிக்கு மேல் செய்தி கிடையாது என்று வைத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆசிரியர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். அதே போனில் வாரத்துக்கு ஐந்து பிள்ளைகளுக்கு, பள்ளி ஒத்துக்கொண்ட வழியில், ஆளுக்கு 40 நொடி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். ஒரு பையனின் கட்டுரைக்கு நான் சொன்னது இது: “மழை நின்ற பிறகும் கூரையிலிருந்து சொட்டுவதை எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது பத்தியை மட்டும் அவசரமாக முடித்துவிட்டாய், அங்கே இன்னும் இரண்டு வரி எழுதிப் பார்.” சிவப்பு மையில் ‘இன்னும் விரிவாக’ என்று பல தடவை எழுதியும் நகராத பையன், மறுநாள் முழுசாக ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து, மணி அடிப்பதற்கு முன்னாலேயே என் மேஜை பக்கத்தில் நின்றான்.

இந்தப் பக்கத்தை உன் வகுப்பு ஆசிரியரிடம் காட்டு, தம்பி. குழுவில் போடாதே, நேரில் போய்க் காட்டு.