அத்தை மகனைக் கட்டினால் அப்பா வீட்டு நோய் விட்டுப்போகுமா?

கேள்வி: எனக்கு வயது 36. பிறந்தது பெருந்துறைப் பக்கம், வாக்கப்பட்டது காங்கேயம். அப்பா 47 வயதிலும் பெரியப்பா 52 வயதிலும் மாரடைப்பில் போய்விட்டார்கள். போன மாதம் 38 வயது அண்ணனுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். பயந்துபோய் நானும் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 228. கறி சோற்றை நிறுத்தியும் மூன்று மாதத்தில் 214-க்குத்தான் வந்திருக்கிறது. கணவர் என் சொந்த அத்தை மகன். "அது உங்கப்பன் கூட்டத்துச் சீக்கு அம்மிணி, நீ வேற கூட்டத்துக்கு வந்தாச்சு, உன்னை ஏன் அண்டப்போகுது" என்கிறார் அத்தை. 9 வயதுப் பையனுக்கு மரபணுப் பரிசோதனை எடுக்கலாமா?

பதில்: உங்கள் அத்தையும் அதே கூட்டத்தில் பிறந்தவர்தானே, அம்மிணி? அதை அவர் மறந்துவிட்டார்.

கூட்டம் என்கிற குலம் அப்பா வழியை மட்டும் எண்ணுகிற கணக்கு. குலதெய்வக் கோயில் வரி நோட்டில் பெண்மக்கள் பேர் இருக்காது, அவர்கள் பெற்ற பிள்ளைகள் பேரும் இருக்காது. மரபணு அப்படி வருவதில்லை. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி, மகனானாலும் மகளானாலும். பதினைந்து தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளிக்கும் உங்கள் அண்ணனுக்கும் பொதுவாக இருப்பது, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோமைத் தாண்டி அனேகமாக ஒன்றுமில்லை. ஆனால் 'வேறு கூட்டம்' என்று நீங்கள் கட்டிக்கொண்ட அத்தை மகனுக்கும் உங்களுக்கும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது.

சரி, மூன்று பேருக்கு வந்ததாலேயே இது பரம்பரை நோய் என்று ஆகிவிடுமா? ஆகாது. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள், ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள். பீடிப் பழக்கம்கூட அண்ணனைப் பார்த்துத் தம்பிக்கு வரும். எது ரத்தத்தில் வந்தது, எது பழக்கத்தில் வந்தது என்று பிரித்துப் பார்க்க மருத்துவத்துக்கு வெகுகாலம் பிடித்தது.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் 5,209 பேரைச் சேர்த்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கொலஸ்ட்ரால் கூடினவர்களுக்கு மாரடைப்பும் கூடுதல் என்று தெரிந்தது. ஆனால் கொழுப்பு கூடினவர் புகைப்பவராகவும் இருக்கலாம், உட்கார்ந்தே வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். யார்மேல் பழி போடுவது?

1964-ல் பெய்ரூட்டில் கச்சதூரியன் என்ற மருத்துவர் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்தார். நம்மைப் போலவே சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. ஒரே குடும்பத்தில் கொலஸ்ட்ரால் மூன்று படியாக நின்றது: பழுதான மரபணு இல்லாதவர்கள், ஒன்று உள்ளவர்கள், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வாங்கி இரண்டு உள்ள குழந்தைகள். இந்தக் கடைசிக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே தோலில் கொழுப்புக் கட்டிகள் வரும், இதயமும் கெடும். எட்டு வயதுக் குழந்தை பீடி குடித்ததா, வேலை கிடைக்காமல் கவலைப்பட்டதா?

மரபணு கருவாகும்போதே விழுந்த திருவுளச்சீட்டு. பழக்கவழக்கம் பார்த்து அது விழுவதில்லை. அதனால்தான் அதை வைத்துக் காரணத்தைச் சோதிக்க முடிகிறது. 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கறுப்பின மக்களில் 2.6 சதவீதம் பேருக்கு பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். அவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு; 15 வருடப் பின்தொடர்தலில் இதய நோயோ 88 சதவீதம் குறைவு. அவர்களிலும் புகைப்பவர்கள், ரத்த அழுத்தக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். எல்.டி.எல். குற்றவாளிதான் என்பது இப்படி உறுதியானது. (இதே முறையில் 'நல்ல கொழுப்பு' எச்.டி.எல்.-ஐ 2012-ல் சோதித்தார்கள். அது பிறவியிலேயே கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. அதை ஏற்றுகிறேன் என்று டப்பா விற்க வருபவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.)

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 190-க்கு மேல் எல்.டி.எல்., இளவயதிலேயே இதய நோய் வந்தவர்கள் மூன்று பேர், பத்தியம் இருந்தும் இறங்காத அளவு. எனக்கு இது பரம்பரை மிகைக் கொழுப்பு என்றுதான் படுகிறது, மருத்துவர்கள் எஃப்.எச். என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நோய் உள்ள ஆண்களில் சுமார் பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும். பெண்களில் 60 வயதுக்குள் சுமார் 30 சதவீதம் பேருக்கு. அத்தை நன்றாக இருக்கிறார் என்பதாலேயே அவரிடம் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முதலில் தைராய்டு பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும்.

கணக்கு இதுதான். உங்கள் அப்பாவுக்கு அந்த மரபணு இருந்திருந்தால் அத்தைக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, உங்கள் கணவருக்கு நான்கில் ஒன்று. உங்களுக்கும் இருந்தால் பையனுக்கு உங்கள் வழியில் மட்டும் சரிபாதி வாய்ப்பு. இருபக்கமும் வாங்கியிருக்க வாய்ப்பு பதினாறில் ஒன்று. அது சின்ன எண் என்று நான் விடமாட்டேன். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு எல்.டி.எல். பெரும்பாலும் 400-ஐத் தாண்டும், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதற்காகப் பையனுக்கு மரபணுப் பரிசோதனையில் ஆரம்பிக்க வேண்டாம். சாதாரணக் கொலஸ்ட்ரால் பரிசோதனை போதும், எந்த லேபிலும் எடுப்பார்கள். குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநார் தடித்திருக்கிறதா, முட்டியில் மஞ்சள் கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். மரபணுப் பரிசோதனை எடுப்பதானால் அண்ணனுக்கு எடுங்கள். அவரிடம் பழுது இன்ன இடம் என்று தெரிந்தால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கலாம். எச்சில் துப்பி அனுப்பினால் இதய அபாயத்துக்கு மார்க் போடும் விளம்பரக் கிட் வேண்டாம். அந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரை வைத்துப் போட்டவை.

உங்களுக்கு இனிப் பத்தியம் மட்டும் போதாது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்படும். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பையனுக்கும் எல்.டி.எல். கூடுதலாக இருந்தால் எட்டு, பத்து வயதில் மாத்திரை தொடங்குவது வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.

லேபுக்குக் கணவரும் பையனும் போகிற அன்றைக்கே அத்தையையும் கூட்டிப்போங்கள். பெரியப்பா பிள்ளைகளுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.