ரேகன் பற்றி அப்பாவுடன் வாக்குவாதம்: எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது?

நீங்கள் லிபர்டேரியன், அதாவது அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பவர்; அப்பாவோ 1980களில் அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரேகனைப் போற்றுபவர். வரி விஷயத்தில் விட்டுக்கொடுங்கள். உச்ச வருமான வரி விகிதம் 70 சதவீதத்திலிருந்து 28 ஆக இறங்கியது உண்மை; அப்பா சொல்வது சரி. "ரேகன் அரசாங்கத்தைச் சுருக்கினார்" என்று அவர் சொல்லும் இடத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். 1981 முதல் 1989 வரை அமெரிக்க அரசின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 1986ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், விற்பதற்காக 5 கிராம் கிராக் கொகெய்ன் வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டுச் சிறை என்றது. ஒரு லிபர்டேரியன் இதை எப்படிப் பொறுத்துக்கொள்வார்? உங்கள் கோபம் நியாயமானது.

பேச்சு முட்டி நிற்க ஒரு காரணம் இருக்கலாம். நீங்கள் சட்டங்களை வைத்து எடைபோடுகிறீர்கள். அவர் அந்தக் காலத்தை வாழ்ந்தவர். 1980இல் பணவீக்கம் 13 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, ரேகன் விலகும்போது 4 சதவீத அளவில் இருந்தது. இதில் பெரும்பங்கு மத்திய வங்கித் தலைவர் பால் வோல்கருக்கு உரியது என்பேன். ஆனாலும் அந்த நிம்மதி ரேகனின் முகத்தோடுதான் மனத்தில் பதிந்திருக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். ரேகனின் முடிவுகளில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, அப்பாவுக்குப் பிடிக்காத ஒன்றை அவரிடம் கேளுங்கள். பதில் வந்தால் தொடரலாம். முகம் சுருங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அங்கே விவாதம் கொள்கையைப் பற்றியது அல்ல.

கடன் முழுவதையும் ரேகன் தலையில் கட்டாதீர்கள். அந்த எட்டு ஆண்டுகளும், அரசின் செலவுக்கு ஒப்புதல் தரும் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. அப்பா உடனே அதைப் பிடித்துக்கொள்வார். ஆனால் பாதுகாப்புச் செலவின் உயர்வு ரேகன் தாமே கேட்டு வாங்கியது.