ஊராட்சித் தலைவர் யாரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் கிராமம். ஊராட்சித் தலைவர் பதவிக்கு முதன்முறையாக நிற்கப் போகிறேன். குடிநீர்தான் ஊரின் பெரிய பிரச்சினை. ஒரு தலைவர் சரியான தகவலை எப்படித் திரட்டுவது? – வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: பெரும்பாலான தலைவர்களுக்குத் தகவல் ஊராட்சிச் செயலரிடமிருந்தும், வீடு தேடி வருகிறவர்களிடமிருந்தும்தான் வருகிறது. வராதவர்களின் தெரு அதில் விடுபட்டுப் போகும். கடைசிக் குழாய்க்குத் தண்ணீர் எட்டுகிறதா என்பதை அங்கே குடத்தோடு நிற்பவரைத்தான் கேட்க வேண்டும். அவர் கிராம சபைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆண்கள் பலர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விடுகிற பகுதி இது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் போய் உட்காருங்கள். பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

அடுத்து, மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். இவரை யாரும் கேட்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஒகேனக்கல் திட்டத்தின் காவிரித் தண்ணீர் எந்த நாளில் வந்தது, வராத நாளில் எந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றினார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துத் தேதிவாரியாக எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் யாரைக் கேட்டாலும் தெரியாத ஒன்று உண்டு: பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு. நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. பல்லில் கறையும் மூட்டில் வலியும் வந்த பிறகே தெரியவரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. களப் பரிசோதனைப் பெட்டி கைவசம் இருந்தால் முதலில் அதில் பாருங்கள். முடிவெடுக்கக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வக அறிக்கை வேண்டும். மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்காதீர்கள். பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் அலசிவிட்டுப் பிடியுங்கள். எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுப்பது நல்லது; அளவு மாறக்கூடும்.

இவ்வளவும் கையில் இருந்தால் கிராம சபைத் தீர்மானத்தின் வாசகமே மாறிவிடும். 'குடிநீர் வசதி செய்து தர வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அது கோப்போடு கோப்பாகக் கிடக்கும். எந்தக் கிணற்றில் எவ்வளவு ஃபுளோரைடு, எந்தெந்த நாட்களில் ஒகேனக்கல் நீர் வரவில்லை, எந்தத் தெருவுக்கு எட்டவில்லை என்று எழுதி, ஆய்வக அறிக்கையையும் ஆபரேட்டர் நோட்டின் நகலையும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள். ஃபுளோரைடு மிகுந்த கிணற்றைக் குடிநீர்த் தொட்டியிலிருந்து துண்டித்து, துவைக்கவும் கழுவவும் மட்டும் தனிக் குழாயில் விடுவது என்றும் அதே கூட்டத்தில் தீர்மானிக்கலாம்.