ஆவணப்படத்தில் வரும் மனிதர்களுக்காகத் திரைவிழாவில் பணம் திரட்டலாமா? அது அவர்களிடம் போய்ச் சேருமா?

திரட்டலாம். போயும் சேரும். எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில்தான் வம்பு. மலேசியாவில், பினாங்கில் ஒரு சின்னத் திரையிடல் குழுவுக்கு ஆறு வருடம் பொருளாளராக இருந்தவன் நான். பொருளாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாற்காலி வாடகை, ஸ்பீக்கர் வாடகை, இடைவேளைக்குக் கறிபாப், அவ்வளவுதான் கணக்கு.

படம் எடுப்பவர்கள் பொதுவாகப் படத்தில் பேசுகிறவருக்குக் காசு கொடுப்பதில்லை. கொடுத்தால் அது பேசியதற்குக் கூலி ஆகிவிடும், சொன்னது நிஜமா என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் படம் முடிந்ததும் இயக்குநர் ஊர் ஊராக விருது வாங்குகிறார், படத்தில் வந்தவர் அதே ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கிறார். இந்த இடைவெளிக்குத்தான் விழாக்கள் ஒரு வழி கண்டுபிடித்தன: படம் முழுதாக முடிந்த பிறகு, பார்த்தவர்கள் சேர்ந்து கொடுப்பது.

இதில் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் நடக்கும் ட்ரூ ஃபால்ஸ் விழா. ‘ட்ரூ லைஃப் ஃபண்ட்’ என்று ஒரு நிதியை 2007-இல் தொடங்கினார்கள். விழாவில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் வரும் மனிதர்களுக்காக வசூல். 2015-இல் அது ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ படத்தில் வரும் ஆதி ருக்குனுக்கு. அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரிதான், இந்தோனேசியாவின் வட சுமத்ரா. மேடானிலிருந்து வைத்தியத்துக்குப் பினாங்கு வந்து போகிறார்களே, அந்தப் பக்கம். வீடு வீடாகப் போய்க் கண் பார்த்துக் கண்ணாடி விற்பவர். கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற 1965-66 இந்தோனேசியப் படுகொலையில் தன் அண்ணனைக் கொன்றவர்களிடமே போய்க் கேள்வி கேட்டார். படம் வெளிவந்தால் ஆபத்து என்று குடும்பத்தோடு ஊரையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுப்பதை உதவி என்று நான் சொல்ல மாட்டேன். படத்துக்காக அவர் கொடுத்த விலையில் பார்த்தவர்களின் பங்கு அது.

அந்த நிதிக்கு வருடக்கணக்கில் துணை நின்றது உள்ளூர்த் தேவாலயம் ஒன்று. 2019-இல் அங்கே பாலின அடையாளம் பற்றி நடந்த ஒரு பிரசங்கம் பெரிய பிரச்சினையாகி, விழாக்காரர்கள் உறவை முறித்துக்கொண்டார்கள். யாரிடம் வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் பாருங்கள். நம் ஊரில் இது வேறு மாதிரி வரும். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் 2,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், தருவார், இருபது நிமிடம் பேசுவார்.

மலேசியச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் உண்டியல் குலுக்க, 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். படத்துக்குத் தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டும், அது 2002-ஆம் ஆண்டுச் சட்டம். 2013-இல் கோலாலம்பூரில் இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமை ஊழியர் மீது வழக்குப் போட்டு, 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அதனால் விழாச் செலவுக் கணக்கும் இந்த நிதியும் ஒரே வங்கிக் கணக்கில் இருக்கவே கூடாது. நாளைக்குக் குழுவுக்கு ஒரு சிக்கல் வந்தால் முதலில் கரைவது அடுத்தவர் காசுதான்.

சரி, எங்கள் கதை. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் கெடா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு பாட்டியைப் படம் எடுத்திருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் திரையிட்டோம். மேசையில் ஒரு மைலோ டின், பக்கத்தில் கியூஆர் அட்டை. 3,840 வெள்ளி சேர்ந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ பெரிய அட்டையில் காசோலை மாதிரி எழுதி, பாட்டியை மேடைக்கு அழைத்துக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அட்டை அவர் தோளுக்கு மேல் இருந்தது, முகம் பாதிதான் தெரிந்தது. நானும் கைதட்டினேன்.

திரும்பும் வழியில், வேன் பாலம் தாண்டும்போது பாட்டி கேட்டார்:

“தம்பி, இது மொய்யா, தர்மமா?”

“மொய்னே வச்சுக்குங்க பாட்டி.”

“மொய்ன்னா நோட்டு எங்க?”

என்னிடம் பதில் இல்லை. அதற்குள் அந்தப் புகைப்படம் ஃபேஸ்புக்கில் ஏறி, இரண்டாம் நாளே அண்ணன் மகன் 1,000 வெள்ளி கைமாற்றுக் கேட்டு வந்து நின்றுவிட்டான். லயத்தில் ரகசியம் நிற்காது, தொகையோடு அட்டை பிடித்தால் கேட்கவே வேண்டாம். மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களோ என்று வேறு பயந்துபோனார். நிறுத்தவில்லை, ஆனால் பயத்தில் தூக்கம் போனது போனதுதானே.

அடுத்த வாரம் வங்கிக் கணக்கைப் பார்த்துப் பேரும் தொகையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். பேர் போட வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டேன். பேரன் வரிவரியாகப் படிக்க, பாட்டி ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டினார். டின்னில் விழுந்த 612 வெள்ளிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. “பேர் இல்லாத காச நான் எப்படிப்பா திருப்பிச் செய்யறது?” அதை அப்படியே தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டார். நன்கொடையாளர் ஒருவருக்கு இதில் வருத்தம். கொடுத்த பிறகு அது பாட்டியின் காசு என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். படம் திரைக்கு வரும் முன்பே தனியாகப் போய், என்ன வேண்டும், எப்படி வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிடுவோம். மேடையில் தொகை சொல்வதில்லை. அடுத்த படத்தில் வந்த பையனுக்கு ஐசியே (அடையாள அட்டை) கிடையாது, தன் பேரில் வங்கிக் கணக்கு திறக்க வழியில்லை. அவன் கேட்டது பதிவிலாகாவுக்கு அலையப் பஸ் காசும், ஒரு வழக்கறிஞரும். சித்தி பேரில் போட்டுவிட்டு, அவன் முகத்தை எந்தப் போஸ்டரிலும் போடவில்லை. கேட்காமல் போயிருந்தால் மறுபடி ஒரு பெரிய அட்டையைத்தான் தூக்கிக்கொண்டு நின்றிருப்போம்.

பாட்டியைப் படம் எடுத்த பிள்ளைகளில் ஒருவனுக்குப் போன வருடம் பட்டர்வொர்த்தில் கல்யாணம். பாட்டி பஸ் பிடித்து வந்திருந்தார். பாட்டி படத்தின் திரையிடல் அன்றைக்கு அவன் கியூஆரில் போட்டது 50 வெள்ளி. இவர் வைத்த கவரில் 51 இருந்தது.