ஏழையா பொறந்த பிள்ளைக்கு என்னத்தக் குடுக்க? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர்கள் வறுமையப் பத்தி எழுதின கவிதைங்கள படிக்க ஆசை. எல்லாம் ஒரே அழுகையா இருக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. யார்கிட்ட ஆரம்பிக்கலாம்? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: க்வெண்டலின் ப்ரூக்ஸ்கிட்ட ஆரம்பிங்க, அழுகைங்கிற பேச்சே அப்புறம் வராது. 1917ல கன்சாஸ்ல பொறந்து கைக்குழந்தையாவே சிகாகோ வந்தவங்க, அப்பா டாக்டராகணும்னு ஒரு வருஷம் காலேஜ் வரைக்கும் போயிட்டு கடைசில ஒரு கம்பெனியில துப்புரவு வேலை பார்த்த மனுசன். 1945ல வந்த அவங்க முதல் தொகுப்புல 'கிச்சனெட் பில்டிங்'னு ஒரு கவிதை இருக்கு, மொத்தமே பதிமூணு வரிதான். கிச்சனெட்னா நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம்தான், ஒரு ரூம்ல சமையல் படுக்கை எல்லாம், பாத்ரூம் மட்டும் பொது. வெங்காய வாசனை, உருளைக்கிழங்கு வறுக்குற நெடி, நடையில கிடக்குற நேத்து குப்பை, இதையெல்லாம் தாண்டி ஒரு கனவு மேல வருமா, வந்தாலும் அதை வெச்சுப் பாத்துக்க நமக்கு நேரம் இருக்கான்னு யோசிக்கிறாங்க. யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அஞ்சாம் நம்பர்க்காரங்க பாத்ரூம விட்டு வெளிய வந்துடுறாங்க, வெதுவெதுப்பா தண்ணி கிடைக்குமான்னு எல்லார் மனசும் அங்க ஓடிடுது, கவிதையும் அங்கயே முடிஞ்சிடுது. வறுமை மனுசன்கிட்டருந்து மொதல்ல புடுங்குறது நிதானமா யோசிக்கிற அந்த ஒரு நிமிசத்தத்தான், அதை இவ்ளோ துல்லியமா வேற யாரும் எழுதி நான் படிச்சதில்ல.

இதை விதின்னு மட்டும் படிச்சிடாதீங்க. முதல் வரியிலயே தங்களைக் கேக்காம போட்ட திட்டத்துல மாட்டின ஆளுங்கன்னு சொல்லிடுறாங்க. அந்தத் திட்டம் பத்திரத்துல எழுதினது. கறுப்பினத்தவருக்கு விக்கக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாதுன்னு வெள்ளைக்கார வீட்டு ஓனருங்க தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்தாங்க, தெற்கு மாநிலங்கள்லருந்து குடும்பம் குடும்பமா வந்து இறங்குன ஜனம் எல்லாம் சிகாகோவோட தெக்குப் பக்கத்துல கொஞ்ச இடத்துக்குள்ள அடைபட்டுச்சு, ஓனருங்க ஒரு பிளாட்ட பல துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் தனி வாடகை வாங்கினாங்க. இந்த ஒப்பந்தங்கள கோர்ட் மூலமா அமல்படுத்த முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதே 1948லதான். கல்யாணமான புதுசுல ப்ரூக்ஸும் கிச்சனெட்லதான் குடியிருந்தாங்க.

கேள்வி: பொறக்கும்போதே தோத்துட்டோம்னு நினைக்கிறவங்களுக்குக் கவிதை என்ன பண்ணிடும்? (வாசகர், வேலூர்)

பதில்: இதே கேள்விய ஒரு அம்மா கேக்குற மாதிரி ப்ரூக்ஸ் எழுதியிருக்காங்க சார். 1949ல வந்த 'ஆனி ஆலன்' தொகுப்புல ஏழைகளோட பிள்ளைங்களப் பத்தி ஒரு சானட் வரிசை இருக்கு (சானட்னா பதினாலு வரிக் கவிதை). என் பிள்ளைங்க ஏழைங்க, இவங்களுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்னு அந்தத் தாய் கேக்குறா. பிள்ளைங்க பட்டுத்துணியோ பொம்மையோ கேக்கல, எங்களுக்கு ஒரு முழு உருவம் குடுன்னு கேக்குறாங்க. அவகிட்ட மனசுல திட்டம் இருக்கு, பாசம் இருக்கு, செதுக்குறதுக்கு வேண்டிய கல்லுதான் இல்ல. பாசம் இருந்தா போதும்னு நாம சொல்லிப் பழகின பேச்சு பொய்னு ஒரு தாய் வாயாலயே சொல்ல வைக்கிறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்! அதே வரிசையில இன்னொரு சானட், மொதல்ல சண்டை போடு, அப்புறமா ஃபிடில் வாசின்னு ஆரம்பிக்கும், ரெண்டையும் சேத்துப் படிங்க. தோத்துட்டோம்ங்கிற நினைப்ப கவிதை ஒரே நாள்ல மாத்திடாது, ஆனா யாரு எதைக் குடுக்காம விட்டாங்கன்னு தெளிவாக் காட்டும், கோவம் நம்ம மேல திரும்பாம சரியான பக்கம் திரும்பும்.

இந்தத் தொகுப்புக்குத்தான் 1950ல அமெரிக்காவோட பெரிய இலக்கிய விருதான புலிட்சர் குடுத்தாங்க, அந்த விருது வாங்கின முதல் கறுப்பினத்தவர் இவங்கதான். சேதி வந்தப்ப கரண்ட் பில் கட்டாததால வீட்ல லைட்டே எரியலன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

கேள்வி: இவங்களுக்கு முன்னாடி யாரு? (வாசகி, சேலம்)

பதில்: பால் லாரன்ஸ் டன்பார். சின்ன வயசுலயே ப்ரூக்ஸோட அம்மா, நீ பெண் டன்பாரா வருவேன்னு சொல்லித்தான் வளத்தாங்க. டன்பாரோட அப்பா அம்மா ரெண்டு பேரும் அடிமையா இருந்தவங்க, இவரு 1872ல ஒஹாயோ மாநிலத்து டேட்டன்ல பொறந்தாரு. ஸ்கூல்ல நல்லாப் படிச்சும் கிடைச்சது லிஃப்ட் இயக்குற வேலைதான், வாரத்துக்கு நாலு டாலர். முதல் புத்தகத்த லிஃப்ட்ல ஏறுறவங்ககிட்டயே ஒரு டாலருக்கு வித்தாரு. 33 வயசுல காசநோய்ல போயிட்டாரு, நினைச்சாலே மனசு ஆறல. அப்புறம் லாங்ஸ்டன் ஹியூஸ், பதினாறு வயசு ப்ரூக்ஸோட கவிதைங்கள வாங்கிப் படிச்சுட்டு நீ விடாம எழுதுன்னு சொன்னவரு. அவரோட 'மதர் டு சன்' சின்னதுதான், ஒரு அம்மா மகன்கிட்ட பேசுற பேச்சுமொழியிலயே இருக்கும், அதனால ஸ்பெல்லிங்கப் பாத்து பயந்துடாம சத்தமா வாசிங்க.